விட்ட சீலத்தை மீண்டும் ஏற்கும் வழி



நல்ல பழக்கத்தைத் தொடங்குவது எப்படி, தொடங்கியதைக் காப்பது எப்படி என்பன பற்றி நம் கூட்டங்களில் உபதேசங்கள் பல நடைபெறுகின்றன. ஆனால் தொடங்கிய பழக்கம் இடையில் நின்றுபோனால், அதற்குத் திரும்பி வருவது எப்படி என்பது அரிதாகவே பேசப்படுகிறது. இதற்குக் காரணம் வெளிப்படை. உபதேசம் நடக்கும் இடத்தில் தவறாமல் வருகிறவர் அமர்ந்திருக்கிறார். நின்றுபோனவர் அங்கே இல்லை. ஆகையால் இந்தப் பாடத்தை நின்றுபோனவருக்காகவே எழுதுகிறோம். தவறாமல் வருகிறவரும் இதைப் படித்தல் வேண்டும். ஏனெனில் திரும்பி வருகிறவருக்குக் கதவைத் திறக்க வேண்டியவர் அவரே.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தீட்சை பெற்ற புதிதில் அந்த வீட்டில் மாலைதோறும் விளக்கேற்றித் திரிசரணமும் பஞ்சசீலமும் சொன்னார்கள். பௌர்ணமிதோறும் வெள்ளுடை உடுத்தி விகாரைக்கு வந்தார்கள். பிறகு தந்தைக்கு இரவு ஷிப்டு வந்தது. தாய்க்குப் பிரசவம், அதன்பின் கைக்குழந்தை. ஒரு பௌர்ணமி தவறியது, இரண்டு தவறின. மூன்றாவது பௌர்ணமிக்கு நேரம் இருந்தது, ஆனால், “இத்தனை நாள் போகாதவர்கள் இனி எந்த முகத்தோடு போவது?” என்ற எண்ணம் வந்து வழியை மறித்தது. ஆண்டு ஒன்று கழிந்தது. மழலை வாயால் சீலம் சொல்லிய மூத்த பிள்ளைக்கு இன்று இரண்டாம் சீலத்திற்கு மேல் நினைவில்லை.

இந்தக் குடும்பத்தார் தம்மத்தை மறுத்தவர்கள் அல்லர். பகவான் புத்தரின் படமும் போதிசத்துவர் அம்பேத்கரின் படமும் அவர்கள் வீட்டுச் சுவரில் இன்றும் இருக்கின்றன. பிற மதத்தார் வாதம் செய்து அவர்களை வென்றுவிடவும் இல்லை. அவர்களைத் தடுத்து நிறுத்தியது வேலையும் அன்று, குழந்தையும் அன்று. அவை முதல் இரண்டு பௌர்ணமியைத்தான் தடுத்தன. அதற்குப் பின் தடுத்தது வெட்கம் ஒன்றே. இவ்வாறு ஓசையின்றி நாம் இழக்கும் குடும்பங்கள் பல. ஆகையால் இந்த வெட்கம் எத்தகையது என்பதை முதலில் ஆராய்வோம்.

1. நாணமும் மனவுறுத்தலும் ஒன்றல்ல

உலகைக் காக்கும் இரண்டு தருமங்களாக ஹிரி, ஒத்தப்பம் என்பவற்றைப் பகவான் எடுத்துரைத்தார். ஹிரி என்பது தீச்செயலுக்கு நாணுதல். ஒத்தப்பம் என்பது அதன் விளைவுக்கு அஞ்சுதல். செய்யத் தகாததைச் செய்யப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்துபவை இவை. ஆகவே இவற்றைப் போற்றி வளர்த்தல் வேண்டும்.

மனத்தை மூடும் ஐந்து நீவரணங்களையும் பகவான் எடுத்துரைத்தார். அவற்றுள் நான்காவது உத்தச்ச-குக்குச்சம். உத்தச்சம் என்பது மனம் அலைதல். குக்குச்சம் என்பது செய்த தீமையையும் செய்யாது விட்ட நன்மையையும் நினைத்து நினைத்து மனம் உறுத்தப்படுதல். இது நற்குணங்களின் வரிசையில் வைக்கப்படவில்லை; காமம், வன்மம், சோம்பல், ஐயம் ஆகியவற்றோடு சேர்த்துத் தடைகளின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. இதை நன்கு கவனிக்க வேண்டுகிறோம்.

நாணம் செயலுக்கு முன் வந்து தீமையைத் தடுக்கிறது. மனவுறுத்தலோ செயலுக்குப் பின் வந்து நன்மையைத் தடுக்கிறது. “எந்த முகத்தோடு போவது?” என்று கேட்பது நாணம் போலத் தோன்றும், உண்மையில் அது குக்குச்சமே. உண்மையான நாணம் என்றால் அது நம்மை விகாரைக்கு அழைத்து வந்திருக்கும். நம்மை வீட்டிலேயே இருத்துவது எதுவோ அது நீவரணம் என்று தெளிக.

2. சீலம் ஏற்பது என்பதன் பொருள்

பஞ்சசீலம் ஒவ்வொன்றையும் நாம் சிக்காபதம் என்றே சொல்லி ஏற்கிறோம். சிக்கா என்றால் பயிற்சி. பதம் என்றால் படி. யாரோ ஒருவர் மேலிருந்து இட்ட கட்டளை என்று அதற்குப் பொருள் இல்லை. கட்டளையை மீறினவன் தண்டனைக்கு அஞ்சி ஒளிய வேண்டும். பயிற்சியில் தவறினவன் ஒளிய வேண்டியதில்லை. மீண்டும் பயில வேண்டும். ஒருமுறை ஏற்றால் வாழ்நாள் முழுதும் தவறவே மாட்டோம் என்றிருந்தால், அதை நாள்தோறும் ஏற்க வேண்டிய தேவை என்ன? மனிதர் தவறுவர் என்பதை அறிந்தே திரும்ப ஏற்கும் வழக்கம் ஏற்பட்டது.

சீலங்களைக் கேட்டுப் பெறும்போது, தனித்தனியே காப்பதற்காக வேண்டுகிறோம் என்று சொல்லும் மரபு தேரவாத நாடுகளில் உண்டு. ஐந்தையும் தனித்தனியே ஏற்றவருக்கு ஒன்று உடைந்தால் அந்த ஒன்றே உடைந்தது. மற்ற நான்கும் நிற்கின்றன என்று பெரியோர் விளக்குவர். பொய் சொல்லிவிட்டவர், “சீலமே போயிற்று, இனிக் குடித்தால் என்ன?” என்று எண்ணலாகாது. ஒரு சுவரில் ஓட்டை விழுந்ததற்காக வீட்டின் நான்கு சுவரையும் இடிப்பவர் உண்டோ?

உபோசதத்தின் அமைப்பையும் பாருங்கள். மகத மன்னர் பிம்பிசாரர், பிற சமயத் துறவிகள் பட்சந்தோறும் எட்டாம் நாளிலும், பதினான்கு பதினைந்தாம் நாட்களிலும் கூடித் தம் சமயம் பேசுவதைக் கண்டு, பிக்குகளும் அவ்வாறு கூடலாகாதா என்று பகவானிடம் விண்ணப்பித்தார் என்று விநய பிடகம் கூறுகிறது. பகவான் இசைந்தார். அந்நாட்களில் இல்லறத்தார் அஷ்டசீலம் ஏற்பர். அதன் காலம் ஒரு பகலும் ஓர் இரவுமே. மறுநாள் விடியலில் அது நிறைவுறுகிறது. சுமார் ஏழெட்டு நாளில் அடுத்த உபோசதம் வந்துவிடுகிறது. தவறவிட்ட உபோசதத்தை இரட்டிப்பாக்கிச் செலுத்த வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. எவ்வளவு காலம் நின்றுபோயிருந்தாலும், திரும்பும் வாயிலுக்கும் நமக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வாரத்திற்குச் சற்று ஏறக்குறையவே.

பிக்குகளுக்கும் இதே நெறிதான். பாதிமோக்கம் ஓதும் நாளுக்கு முன்பாகத் தம் குற்றத்தை வேறொரு பிக்குவிடம் எடுத்துரைக்கிறார்கள். அதைக் கேட்டவர், குற்றத்தைக் காண்கிறீரா என்று வினவி, இனி அடங்கி நடக்குமாறு கூறுகிறார். மிகக் கடுமையான சில குற்றங்கள் நீங்க, மற்றச் சிறு குற்றங்கள் இவ்வளவில் தீர்கின்றன. இல்லம் துறந்தவருக்கே திரும்பும் வழி வகுக்கப்பட்டிருக்கிறது என்றால், ஷிப்டும் வாடகையும் பிள்ளைகளும் உள்ள நமக்கு அது வேண்டாவோ?

3. சித்தஹத்தர் வரலாறு

ஆறுமுறை விட்டு ஏழாம் முறை வென்ற ஒருவரின் வரலாறு தம்மபத அட்டகதையில் உள்ளது. சாவத்தி நகரத்து இளைஞர் ஒருவர் தொலைந்த எருதைத் தேடிக் காட்டில் அலைந்து, பசியோடு விகாரைக்கு வந்தார். பிக்குகள் உணவளித்தனர். இங்கே வேலையின்றியே நல்ல உணவு கிடைக்கிறதே என்று அவர் துவராடை பெற்றார். சில நாளில் சலிப்புற்று வீடு திரும்பினார். வீட்டில் சலிப்புற்று மீண்டும் வந்தார். இவ்வாறு ஆறு முறை. மனத்தின் வழியே திரிந்ததால் அவருக்குச் சித்தஹத்தர் என்று பெயராயிற்று. ஒரு நாள் இரவு தம் மனைவி உறங்கும் கோலத்தில் உடலின் நிலையாமையைக் கண்டு மனம் தெளிந்து, ஏழாம் முறையாக விகாரையை நோக்கி நடந்தார். பிக்குகள் மறுத்தனர். மழித்து மழித்து உன் தலை சாணைக்கல் போலாயிற்றே என்றனர். அவர் மன்றாடவே, மறுபடியும் ஏற்றனர். சில நாளில் அவர் அரகந்தர் ஆனார்.

அவர் முதலில் வந்தது சோற்றுக்காக. ஆறு முறை சென்றது ஆசையால். அப்படியிருந்தும் அந்த ஆறு வருகைகளும் வீண் போகவில்லை. வழி அவர் கால்களுக்குப் பழகியிருந்தது. ஏழாம் முறை மனம் தெளிந்தபோது எங்கே போவது என்று அவர் தேட வேண்டியதில்லை. திரும்பித் திரும்பி வந்தவருக்கு வழி தெரியும் என்பது இவ்வரலாற்றின் முதற்பாடம். பிக்குகள் ஏழாம் முறையும் கதவை மூடவில்லை என்பது இரண்டாம் பாடம்.

இவரை முன்னிட்டுச் சொல்லப்பட்டதே குத்தால ஜாதகம். குத்தாலம் என்றால் மண்வெட்டி. காசி நகரத்தில் கீரையும் காயும் பயிரிட்டுப் பிழைத்த ஏழை ஒருவர் துறவு பூண்டார். தம் மழுங்கிய மண்வெட்டியை மட்டும் ஓரிடத்தில் மறைத்து வைத்திருந்தார். அதன் நினைவு வரும்போதெல்லாம் துறவை விட்டு வயலுக்குத் திரும்பினார். ஆறு முறை இவ்வாறு நிகழ்ந்தது. ஏழாம் முறை ஆற்றங்கரைக்குச் சென்று, விழும் இடம் தெரியாதபடி கண்களை மூடிக்கொண்டு, மண்வெட்டியைச் சுழற்றி நீரில் எறிந்தார். பிறகு, வென்றேன் என்று முழங்கினார்.

அவர் மனவுறுதி ஏழாம் முறை திடீரென்று பெருகிவிட்டது என்று நாம் கருதவில்லை. மண்வெட்டி இருக்கும் இடம் தெரிந்திருந்தவரை திரும்பிப் போவது எளிதாயிருந்தது; இடம் தெரியாமற் போனபின் அது அரிதாயிற்று. தீய பழக்கத்தின் கருவியைத் தொலைவில் எறிந்து, நல்ல பழக்கத்தின் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பவர் பாதி வென்றவர்.

4. இழை அறுதல்

நாம் பல ஆண்டு பஞ்சாலையில் ரிங் பிரேம் பார்த்தவர்கள். ஆதலால் அத்தொழிலிலிருந்து ஓர் உவமை கூறுவோம். ஒரு பிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழல்கின்றன. பஞ்சில் தூசு இருந்தாலும், காற்றில் ஈரம் குறைந்தாலும், டிராவலர் தேய்ந்தாலும் இழை அறும். அறாத பிரேம் உலகில் இல்லை. இழை அறுந்ததற்காக எந்த மேஸ்திரியும் தொழிலாளியைக் கடிந்துகொள்வதில்லை. அறுந்ததைக் கண்டும் காணாமல் நடந்தால் கடிந்துகொள்வார். ஏனெனில் ஒட்டாமல் விட்ட இழையின் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும்; பக்கத்து இழையையும் அறுக்கும்.

ஒட்டுவது எப்படி? அந்த ஒரு கதிரை மட்டும் நிறுத்தி, பாபினில் ஏற்கெனவே சுற்றியிருக்கும் நூலின் நுனியைத் தேடி எடுத்து, டிராவலரில் கோத்து, முன் உருளையிலிருந்து இப்போது வந்துகொண்டிருக்கும் பஞ்சிழையோடு சேர்க்க வேண்டும். தேர்ந்த கைக்கு இது சில விநாடி வேலை. அறுந்திருந்த நேரத்தில் வெளிவந்த பஞ்சு கழிவாகப் போயிற்று; அதைப் பொறுக்கி அந்தக் கதிரிலேயே நூற்பவர் எவரும் இல்லை. பாபினில் முன்பு சுற்றிய நூலோ எங்கும் போய்விடவில்லை. அதன் மேலேயே புதிய நூல் சுற்றுகிறது.

நம் பயிற்சியும் இத்தகையதே. முன்பு காத்த சீலத்தின் பயன் அழிந்துபோகவில்லை. இடையில் விட்ட நாட்களை மீட்கவும் வேண்டியதில்லை. இன்றைய நாளோடு நுனியைச் சேர்ப்பதே வேலை. நல்ல தொழிலாளியை அறியும் அடையாளம், அவர் பிரேமில் இழை அறாமை அன்று. அறுந்ததை அவர் விரைந்து ஒட்டுதலே.

5. திரும்புவோர் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, பாக்கியைக் கணக்கிடாதிருத்தல். எத்தனை மாதம் விட்டோம் என்று எண்ணத் தொடங்கினால் குக்குச்சம் வளரும். அடுத்த உபோசதம் எந்த நாள் என்று மட்டும் நாட்காட்டியில் பார்த்துக் குறித்துக்கொள்க.

இரண்டாவது, சிறிய அளவில் தொடங்குதல். முன்பு ஒரு மணி நேரம் தியானத்தில் அமர்ந்தவர், திரும்பும் நாளிலேயே ஒரு மணி அமர முயன்றால் மறுநாள் அமரமாட்டார். சோண கோளிவீசர் என்னும் செல்வக் குடிப்பிறந்த பிக்கு, கால்கள் புண்ணாகி இரத்தம் வடியுமளவு நடந்து தியானம் பயின்றார். பயன் காணாமல் வீடு திரும்ப எண்ணினார். பகவான் அவரிடம் சென்று, அவர் முன்பு வாசித்த வீணையை நினைவூட்டினார். நரம்பை மிக இறுக்கினாலும் இசை இல்லை, மிகத் தளர்த்தினாலும் இசை இல்லை என்று உணர்த்தினார். அளவுக்கு மீறிய ஊக்கமும் விடுதலுக்கு ஒரு வாயில் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, குறைந்த அளவு ஒன்றை நல்ல நாளிலேயே வகுத்துக்கொள்ளுதல். உடல் நலமும் ஓய்வும் உள்ள நாளில் முழு வந்தனம் செய்யலாம். நோயிலும் பயணத்திலும் இரவு வேலையிலும் என் செய்வது? திரிசரணம் மட்டும், அதுவும் பேருந்தில் அமர்ந்தபடி மனத்துக்குள் சொன்னாலும் போதும் என்று முன்பே முடிவு செய்துகொண்டால், அந்நாட்களில் இழை மெலியுமேயன்றி அறாது.

நான்காவது, இடத்தையும் பொருளையும் ஆயத்தமாய் வைத்தல். பாயும் விளக்கும் வந்தனப் புத்தகமும் வைசாகப் பௌர்ணமி முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடும் வீடுகள் உண்டு. அவற்றை எடுத்து வைக்கவே ஒரு முயற்சி வேண்டியிருந்தால் அசதியான மாலையில் அம்முயற்சி நிகழாது. ஒரு மூலை, ஒரு பாய், கண்ணில் படும்படி ஒரு புத்தகம் எப்போதும் இருக்கட்டும். மாறாக, மதுவை விட்டுத் தவறியவர் கூலி வாங்கும் நாளில் அக்கடை உள்ள தெரு வழியே வீடு திரும்பாதிருக்கட்டும். அதுவே அவர் எறிய வேண்டிய மண்வெட்டி.

ஐந்தாவது, ஒருவரிடம் எடுத்துரைத்தல். அம்பலட்டிகையில் இராகுலருக்கு உபதேசிக்கையில், கண்ணாடியில் முகம் பார்ப்பது போல் ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும் செய்யும்போதும் செய்தபின்னும் பார்க்குமாறு பகவான் கூறினார். செய்தபின் அது தீதென்று கண்டால் ஆசிரியரிடமோ அறிவுள்ள உடன்பயில்வோரிடமோ வெளிப்படுத்தி, இனி அடங்கி நடக்கச் சொன்னார். ஊரார் முன் சொல்ல வேண்டியதில்லை. நம்பத்தக்க ஒருவரிடம் சொன்னால் போதும். சொன்னவுடன் வெட்கத்தின் பலம் பாதியாகக் குறைகிறது.

ஆறாவது, பிறருக்கு நேர்ந்த தீங்கைச் சரிசெய்தல். தியானத்தை விட்டவர் பாயில் அமர்ந்தால் திரும்பியவர் ஆகிறார். குடித்து வீட்டாரை அடித்தவரும், கூலியைக் கரைத்தவரும் பாயில் அமர்வதால் மட்டும் திரும்பியவர் ஆகார். அடுத்த கூலி முழுதும் வீட்டார் கையில் சேரட்டும், கடன் தீரட்டும், அச்சம் கொண்ட மனைவி மக்கள் நம்புவதற்குரிய காலத்தை அவர் பொறுமையோடு அளிக்கட்டும். நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் நேரிடலாம். அது உயிருக்கே ஆபத்தாகவும் கூடும். அத்தகையவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று நிறுத்தச் செய்வதே கருணை.

6. சங்கத்தார் கடமை

இருவகை மூடரைப் பற்றிப் பகவான் கூறியிருக்கிறார். தன் குற்றத்தைக் குற்றமென்று காணாதவன் ஒருவன். குற்றத்தை ஒப்புக்கொண்டு வருகிறவனை ஏற்க மறுப்பவன் மற்றொருவன். முதல் மூடனைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இரண்டாம் மூடன் நம் பாயிலேயே முன்வரிசையில் அமர்ந்திருக்கலாம்!

கபிலவத்துவில் சரகானி என்னும் சாக்கியர் இறந்தபோது, அவர் சோதாபன்ன நிலை அடைந்தவர் என்று பகவான் அறிவித்தார். சாக்கியர் பலர் முணுமுணுத்தனர். பயிற்சியில் தளர்ந்தவர், மதுவருந்தியவர், அவருக்கா இந்நிலை என்று இகழ்ந்தனர். மகாநாமர் இதைப் பகவானிடம் தெரிவித்தார். நெடுங்காலம் மும்மணிகளைச் சரணடைந்தவர் வீழ்ச்சிக்குச் செல்லமாட்டார் என்றும், சரகானி இறுதிக் காலத்தில் பயிற்சியை நிறைவு செய்தார் என்றும் பகவான் விளக்கினார். குடிக்கு இதில் அனுமதி இல்லை. முணுமுணுத்தவர்களுக்கு இதில் எச்சரிக்கை உண்டு. ஒருவர் தளர்ந்த நாளை ஊர் கண்டது. அவர் திரும்பிய நாளை ஊர் காணவில்லை.

ஆகையால் திரும்பி வருகிறவரிடம், “இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?” என்று கேளாதிருப்போம். “வாருங்கள் அண்ணா, வாருங்கள் அக்கா” என்று அழைத்து, விளக்கேற்றுவதையோ மலர் வைப்பதையோ அவர் கையில் கொடுப்போம். கையில் பணி உள்ளவருக்கு வெட்கம் மறந்துபோகும். நெடுநாள் வராதவர் வீட்டுக்குச் சென்றால் நலம் விசாரிப்போம். வருகைப் பதிவை விசாரிக்க வேண்டாம்.

திரும்புவதை இவ்வளவு எளிதாக்கினால் விடுவதும் எளிதாகிவிடாதா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. வாயிலை அடைத்தால் உள்ளே இருப்பவர் வெளியே போகமாட்டார் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் நாம் கண்டவரையில், அடைத்த வாயில் வெளியே போனவரைத்தான் வெளியிலேயே நிறுத்துகிறது. மேலும், குற்றத்தைக் கண்டு, ஒருவரிடம் சொல்லி, தீங்கைச் சரிசெய்து, மண்வெட்டியை எறிந்து வருவதையே திரும்புதல் என்கிறோம். இவற்றைச் செய்பவர் விளையாட்டாக விடுபவர் அல்லர்.

சங்கங்களும் நின்று மீண்டதுண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் பத்திரிகை தொடங்கினார். 1914இல் அவர் மறைந்தபின் சிறிது காலத்தில் அப்பத்திரிகை நின்றது. ஆயினும் 1920களில் கோலார் தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்தது. நின்ற ஆண்டுகளுக்காக அழுதுகொண்டிருந்தால் அடுத்த இதழ் வந்திருக்குமோ? 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் தீட்சை பெற்றபோது, பெருந்திரளான மக்கள் நூற்றாண்டுகள் பலவாக விடுபட்டிருந்த தம்மத்தை ஒரே நாளில் கையில் எடுத்தனர். அவ்வளவு பெரிய இடைவெளியையே ஒரு நாள் கடந்ததென்றால், நம் வீட்டின் ஓராண்டு இடைவெளி எம்மாத்திரம்?

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. ஹிரிக்கும் குக்குச்சத்திற்கும் உள்ள வேறுபாடு யாது? உங்கள் வாழ்விலிருந்து ஒவ்வொன்றிற்கும் ஓர் உதாரணம் காண்க.

2. நீங்கள் விட்டுவிட்ட நல்ல பழக்கம் எது? அதற்குத் திரும்பாதபடி தடுக்கும் மண்வெட்டி எங்கே இருக்கிறது?

3. நோயுற்ற நாளிலும் உங்களால் செய்யக்கூடிய குறைந்த அளவுப் பயிற்சி எது?

4. உங்கள் தெருவில் ஆறு மாதமாக விகாரைக்கு வராத குடும்பம் எது? இந்த வாரம் அவர்கள் வீட்டுக்கு யார் செல்வது?

நான்காம் வினாவிற்கு மட்டும் விடையை எழுதிக் காட்ட வேண்டாம். வருகிற உபோசதத்தன்று அவர்களையும் உடன் அழைத்து வருவதே அதற்குரிய விடை.

நமோ புத்தாய.